நாலாம் நம்பர் வீடியோ

"எனக்கு நடிப்பெல்லாம் வராது."

"நடிக்க வேண்டாங்க. நீங்க நீங்களா இருந்தா போதும்."

"நான் நானா இருந்தா எத்தனை மார்க் வரும்?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல வரும். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடறேன்."

"அடிப்பாவி! பள்ளிக்கூடத்துலயும் அதைத்தான் வாங்கினேன். கல்யாணம் பண்ணியும் விடமாட்டியா?"

அன்றைக்கு இருவரும் சமையலறையில் நின்றிருந்தார்கள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. அந்த ஈரச் சட்டை வரைக்கும் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சை இப்போதெல்லாம் அவள் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். எந்த இடத்தில் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று தேடுகிறாள். கிடைக்கவில்லை. ஒரு மனுஷன் தண்ணீர் குடிக்கிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான் தெரிகிறது.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் வேலை இல்லை, பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வாழ வேண்டாம் என்ற நினைப்பு ஒருவருக்கு எந்த அளவுக்கு இருக்கிறது என்று கேட்டு அறிய ஒரு கேள்வி வரிசை உண்டு. அங்கே எல்லாரும் அதை ஸ்கேல் என்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண், எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். கூட்டி வருகிற எண்ணை வைத்து, இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டுமா என்று முடிவு செய்வார்கள். நர்ஸுகளும் ஆலோசகர்களும் இளம் டாக்டர்களும் அதை அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே எண்ணைப் போடவேண்டும். போடாவிட்டால் அந்த ஸ்கேலை நம்பி ஒன்றும் செய்யமுடியாது. அதற்காகத்தான் பயிற்சி வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வகுப்பில் போட்டுக் காட்டி எல்லாரையும் மார்க் போடச் சொல்வாள். நாலாவது வீடியோவுக்கு, வேலைக் களைப்பும் சாதாரணக் கவலைகளும் உள்ள, ஆனால் ஆபத்து எதுவும் இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். நாடகக் குழுவிலிருந்து வந்த ஆளை உட்காரவைத்தால் முதல் கேள்விக்கே குரல் தழுதழுத்து மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

"பூஜ்யம் வாங்கவேண்டிய ஆளுங்க இவர்! இப்படி அழுதா நான் வகுப்புல எதைக் காட்டறது?" என்று அவள் வீட்டில் வந்து புலம்பினாள். அப்புறம்தான் புருஷனைக் கேட்டாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் பொருத்திய சின்ன வெள்ளைக் கார், கூரையில் எல் போர்டு. அதற்குள்தான் அவருடைய பகல் முழுவதும் போகும். மாணவர்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் கத்தாத நாள் கிடையாது. "ஐயா சாமி, அது ஸ்டீயரிங், துடைப்பம் இல்ல, அப்படி இறுக்காதீங்க." "கண்ணாடியில உங்க லிப்ஸ்டிக்கைப் பார்த்தது போதும், பின்னாடி லாரி வருதான்னு பாருங்க." அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான் லைசென்ஸ் வாங்கியதும் முதலில் அவரைத் தேடி வருவார்கள்.

அந்த மாஸ்டர்தான் நாலாம் நம்பர் வீடியோவில் உட்கார்ந்தார். எழுதிக்கொடுத்த வசனம் எதுவும் இல்லை. பிரிவுக்குத் தலைவியான பெரிய டாக்டர் கேள்வி கேட்டார், இவர் தன் பாட்டுக்குப் பதில் சொன்னார். தூங்கி எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு நொடி யோசித்து, "என் ஸ்டூடண்ட்ஸுக்குத் தோணியிருக்கும், மாஸ்டர் எழுந்திருக்காம இருந்தா தேவலைன்னு" என்றார். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள்.

மற்ற வீடியோக்களில் ஒருவர் கூட்டிப் போடுவார், ஒருவர் குறைத்துப் போடுவார், சண்டை வரும். நாலாம் நம்பரில் மட்டும் எல்லாரும் ஒன்று. மதிப்பெண்களை வைத்துக் கணக்குப் போடும் புள்ளியியல்காரர் ஒருவர் அங்கே இருந்தார். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் சொல்லாமல் விடமாட்டார், அதனால் தசமம் என்றே பெயராகிவிட்டது. அவர், "மேடம், உங்க வீட்டுக்காரரை மாதிரி ஒத்துமை உண்டாக்கற மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்பார். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக மாஸ்டர் வந்தால் வாசலிலிருந்தே குரல் வரும், "நாலாம் நம்பர் வந்தாச்சு!" என்று. அவரும் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே வருவார்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிறவர் பெண்டாட்டிக்குக் கற்றுத் தரவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு?" என்றார். பிறகு கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் நிறையப் பெருமையும் உண்டு. மழையில் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் மட்டும் வாசலில் நின்று அந்த வெள்ளைக் காருக்காகக் காத்திருப்பாள்.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சாவியை நீட்டி, "வா, இன்னிக்கு நீ ஓட்டு" என்றபோது அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன திடீர்னு? ஸ்டூடண்ட் யாரும் வரலையா?"

"கத்துக்கோ. உனக்குன்னு ஒண்ணு தெரிஞ்சிருக்கட்டும்."

விளையாட்டரங்கத்துக்குப் பின்னால் கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெரு விடுமுறை நாளில் காலியாக இருக்கும். அங்கேதான் பழக்கினார். முதல் நாள் கார் தவளை மாதிரித் தாவித் தாவி நின்றது. அவர் திட்டவில்லை. "பரவாயில்ல, கிளட்ச்சை மெதுவா விடு, அவசரமே இல்ல" என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நமக்கு மட்டும் தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே, மாஸ்டரிடம் வண்டி பழகிக்கொண்டிருந்த ஒரு வங்கி ஊழியரைக் கடைவீதியில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே வந்தாள் பக்கத்து வீட்டுப் பெண். "மாஸ்டர் இப்பல்லாம் திட்டறதே இல்லையாமே? அந்த பேங்க்காரருக்கு ஏமாத்தமா இருக்காம். பணத்தைக் கட்டிட்டுத் திட்டு வாங்காம எப்படிக் கத்துக்கறதுன்னு கேக்கறார்." இருவரும் சிரித்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்து நாத்தனாரிடமிருந்து போன்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? நேத்து கூப்பிட்டு மன்னிப்பு கேக்கறான்."

"எதுக்கு?"

"சின்ன வயசுல என் பொம்மை வீட்டை மிதிச்சு உடைச்சானாம். எனக்கு ஞாபகம்கூட இல்ல. 'நீ அன்னிக்கு ரொம்ப அழுதே, அதைச் சரி பண்ணாம விட்டுட்டேன்'னு சொல்றான். எனக்கே சங்கடமா போச்சு. வயசாயிடுச்சா அவனுக்கு? இல்ல, நீங்க ஏதாவது சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். போகத் தயாராகிறவர்கள் இப்படித்தான் பழைய கணக்குகளைத் தீர்ப்பார்கள் என்று வகுப்பில் சொல்கிறவள் அவள்.

வகுப்பில் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று உடனே சொல்லியிருப்பாள். தள்ளிப் போடாதீர்கள், சுற்றி வளைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. இவற்றைச் சொல்லாமல் அவள் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

அவளுக்கு வாயில் வந்ததெல்லாம் ஸ்கேலின் சொற்கள். வேறு சொற்கள் வரவில்லை. பல வருஷமாக அதே வரிசையில், அதே குரலில் சொல்லிப் பழகிய நாக்கு. முதல் கேள்வியைக் கேட்டாள். அவர் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு வந்தது.

"கேமரா எங்க?"

"விளையாடாதீங்க."

"சரி, கேளுங்க மேடம்."

அவள் கேட்டாள். அவர் சொன்னார். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதில்கள் எங்கே கேட்டவை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலையில் அலுப்பு உண்டா என்றால், "கிளட்ச் மிதிச்ச காலுக்கு அலுப்பு, மனசுக்கு இல்ல." வீடியோவில் சொன்னது. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், "ரெண்டு தெரு தாண்டி என்ன வருதுன்னு பார்த்து ஓட்டறவன் நான்." அதுவும் வீடியோவில் சொன்னது. அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி ஓரப்பார்வை. எழுந்திருக்காமலே போவதைப் பற்றிக் கேட்டபோது, அந்த ஸ்டூடண்ட்ஸ் ஜோக்கையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாஸா?" என்றார்.

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது.

பெரிய டாக்டரிடம் கூட்டிப்போவது கஷ்டமாக இருக்கவில்லை. "உன் திருப்திக்கு வர்றேன்" என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். மருந்துக் கவுன்டரில் இருந்த பெண் எழுந்து நின்று கையாட்டினாள். நடைபாதையில் இரண்டு இளம் டாக்டர்கள், "சார், எங்க பரீட்சையில நீங்கதான் வந்தீங்க! உங்களால மார்க் எடுத்தோம்" என்று கை குலுக்கினார்கள். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை சொன்னார், ஒவ்வொருவரையும் சிரிக்கவைத்தார். பின்னால் நடந்து வந்த அவள், கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அறை வாசலில் அவர் சட்டென்று நின்று அவள் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். நான் உன்கிட்ட..."

"சொல்லுங்க."

"சார்! நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்ல!" புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஓடி வந்தாள். போன மாதம்தான் அவளிடம் பயிற்சி முடித்தவள். "ஒரே ஒரு போட்டோ சார், ப்ளீஸ்."

அவர் கையை விட்டுவிட்டுப் போட்டோவுக்கு நின்றார். நன்றாகச் சிரித்தார்.

முறைப்படி இரண்டு பேர் பார்க்கவேண்டும். பெரிய டாக்டர் கேட்டார். அந்தப் புது நர்ஸ் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தனியாக மதிப்பெண் போட்டாள். குடும்பத்தார் உள்ளே இருக்கக்கூடாது. அவள் வெளியே தசமத்தின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து டாக்டரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியும், எந்தக் கேள்வியில் என்று.

முடிந்ததும் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் அவளுக்கு அக்கா மாதிரி. அவளுக்குக் கரு கலைந்துபோன நாட்களில் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டவர்.

"ரெண்டு பேரும் ஒரே எண்தான் போட்டிருக்கோம். எனக்கு ஆபத்து எதுவும் தெரியலம்மா. கொஞ்சம் அசதியா இருக்கார், அவ்வளவுதான். நீதான் தூங்கின மாதிரியே தெரியல."

"டாக்டர், அவர் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறார்."

"நல்லதுதானே?"

"இல்ல டாக்டர். நான் இருக்கும்போது உனக்கு எதுக்குன்னு சொல்றவர்."

டாக்டர் பேனாவை மூடினார். அவருக்குப் புரிந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் புரிந்ததை எங்கே எழுதுவது? ஸ்கேலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

"நீ சொல்றதை நான் தள்ளிவிடல. ஆனா நல்லா இருக்கேன், வீட்டுக்குப் போறேன்னு ஒரு ஆள் தெளிவா சொல்றார், ஸ்கேலும் அதையே சொல்லுது. எதை வெச்சு நான் கட்டாயப்படுத்திச் சேர்க்கறது? பக்கத்துலயே இரு. ராத்திரியோ பகலோ என்னைக் கூப்பிடு. அடுத்த வாரம் மறுபடி கூட்டிட்டு வா."

"அடுத்த வாரம் வந்தாலும் இதையேதான் சொல்வார்."

"தெரியும்." டாக்டர் மூடிய பேனாவை மேஜையில் வைத்தார். "குறைவுன்னு போட்டு அனுப்பினவங்கள்ல நாம இழந்தவங்க உண்டு. அதிகம்னு போட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நல்லாத்தான் இருக்காங்க. இதை வகுப்புல நீதான் சொல்லித்தர்றே. நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்ற கருவி இது இல்ல. என்கிட்ட வேற கருவியும் இல்லம்மா."

வெளியே வந்தால் தசமம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி சொல்கிற முகம்.

"ஒண்ணுன்னா ஒண்ணு மேடம். புள்ளிக்கு அப்புறம் எதுவுமே இல்ல."

"அந்தப் பொண்ணு 'குறைவு'ன்னா எப்படி இருக்கும்னு யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டா?"

"நாலாம் நம்பரை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"இந்த ஊர்ல இந்த ஸ்கேலைக் கையில எடுக்கிறவங்க எல்லாரும் என்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் குறைவுன்னா அவர் முகம்தான். இப்ப அவரையே கொண்டுபோய் உட்காரவெச்சா அவங்களுக்கு வேற என்ன தெரியும்?"

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் ஒரே பிளாட்பாரத்துல நிக்கறாங்க மேடம்" என்றார் கடைசியில். "எத்தனை பேர் சேர்ந்து நின்னாலும், ரயில் அங்க வரும்னு அர்த்தம் இல்ல. என் கணக்கு எத்தனை பேர் நிக்கறாங்கன்னுதான் சொல்லும். ரயிலைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது." அந்த ஒருமுறை அவர் எண் எதுவும் சொல்லவில்லை.

மாஸ்டர் கேன்டீனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், காலியாக இருந்த பயிற்சி அறையில் அவள் நாலாம் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். ஜோக்குக்கு முன்னால் அந்த ஒரு நொடி. அதைத் திரும்ப ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். கண் கீழே போகிறது, உதடு கொஞ்சம் பிரிகிறது, பிறகு சிரிப்பு வருகிறது. ஜோக்கை யோசிக்கிறவன் முகமும் அப்படித்தான் இருக்கும். உண்மையைச் சொல்லலாமா என்று யோசிக்கிறவன் முகமும் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

லீவு போட்டாள். அவர் எங்கே போனாலும் கூடப் போனாள். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "மாஸ்டர், இன்ஸ்பெக்டரா பின்னாடி?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். "ஆமாம்மா, என்னை வேவு பார்க்க கவர்ன்மென்ட் அனுப்பியிருக்கு" என்றார் அவர். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவாள். "இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த வார்த்தைக்காகவே தட்டுகிறாள் என்று இருவருக்கும் தெரியும். மறுபடியும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் ஸ்கேலின் வார்த்தைகள்தான் வந்து நின்றன. அவற்றுக்கு என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டாள். என்னை விட்டுப் போய்விடாதீர்கள் என்று காலைப் பிடித்துச் சத்தியம் வாங்கலாம் என்று தோன்றும். சத்தியம் வாங்காதீர்கள், அது உங்கள் பயத்துக்கு மருந்து, அவர்கள் வலிக்கு இல்லை என்று வகுப்பில் சொன்னவளும் அவள்தான்.

பாடம் மட்டும் நிற்கவில்லை. கிடங்குத் தெருவில் அவளுக்குக் கை பழகிவிட்டது. கியர் தானாக விழுந்தது. ஒரு நாள் வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே பிசிறில்லாமல் நிறுத்தினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நல்ல மாணவியைப் பார்க்கிற பெருமை. கூடவே, தூக்கி வந்த சுமையை இறக்கிவைக்க இடம் பார்த்துவிட்ட ஆளின் ஆசுவாசம்.

"இன்னும் கொஞ்சம்தான். டெஸ்ட்டுக்குப் பதிஞ்சுடலாம். அப்புறம் நீ தனியாவே எங்க வேணும்னாலும் போகலாம்" என்றார்.

அடுத்த பாடத்திலிருந்து அவளுக்கு ஓட்ட வரவில்லை. கிளட்ச்சைப் படக்கென்று விட்டாள், வண்டி உதறி நின்றது. இரண்டாவது கியருக்குப் பதில் நாலாவதைப் போட்டாள். பீப்பாயில் இடித்தாள். அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். அவள் திரும்பத் தப்பாகச் செய்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒருவரை உயிரோடு வைத்திருக்க உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காத வழி ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. மக்காக இருப்பது. எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. டெஸ்ட் தேதி தள்ளிக்கொண்டே போனால் போதும் என்று இருந்தது. தப்பு செய்வதற்கும் சாமர்த்தியம் வேண்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை வலித்தது.

அன்றைக்கு மதியம் தூறல் விட்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. ஒரு கிடங்கின் இரும்புக் கதவில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு, வண்டியை அணைத்தாள். மறுபடி கிளப்பி, மறுபடி அணைத்தாள். மூன்றாவது முறை சாவியைத் திருகப்போனபோது அவர் கை வந்து அவள் கையின் மேல் விழுந்தது.

"போதும்."

"வரலைங்க எனக்கு."

"வருது. தெரியாதவன் கிளட்ச்சை விடறபோது கால் நடுங்கும். உன் கால் நடுங்கல. நீ யோசிச்சு விடறே." அவர் குரலில் பழைய மாஸ்டர் கொஞ்சம் வந்தார். "என்னை என்னன்னு நினைச்சே? ஊர்ல பாதிப் பேர் காலை எனக்குத் தெரியும். எதுக்குடி இப்படிப் பண்றே?"

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தாள். சொல்லித்தந்த வார்த்தைகள் எதுவும் இப்போது வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

"நான் கத்துக்கிட்டா நீங்க போயிடுவீங்க."

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது.

"செத்துப் போகணும்னு இருக்கா உங்களுக்கு?"

அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவர் வாய் ஏதோ பழைய வாக்கியத்துக்குத் தயாரானது, அவள் அதைப் பார்த்தாள். பிறகு அது கலைந்துபோயிற்று. முகம் ஒன்றுமில்லாமல் இருந்தது. அவள் கல்யாணம் செய்துகொண்ட முகத்தை, யாரும் பார்க்காதபோது அது எப்படி இருக்குமோ அப்படி, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆமா" என்றார்.

அவள் அழவில்லை. அழுதால் அவர் நிறுத்திவிட்டு அவளைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. வண்டியின் கைப்பிரேக்கை மட்டும் மெதுவாக மேலே இழுத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல."

"அந்த வீடியோ எடுத்தப்ப..."

"அதைக் கேக்காத. நிஜமாவே தெரியல. அப்ப நல்லா இருந்தேனா, நல்லா இருக்கற மாதிரி பண்ணினேனான்னு நானே யோசிச்சுப் பார்த்துட்டேன். யாரைப் பார்த்தாலும் சிரிக்கறாங்க. அவங்க சிரிச்சா எனக்கும் அந்த ஆளாவே இருக்கணும்னு ஆயிடுது. டாக்டரம்மா முன்னாடி உட்கார்ந்தேன் பாரு, இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் உட்கார்ந்தேன். அவங்க முதல் கேள்வி கேட்டதும் வாய் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு. என்னால நிறுத்த முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டதும் அதே கேள்விதானே?"

அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. வெளியே ஒரு சைக்கிள்காரர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு போனார். எல் போர்டைப் பார்த்து, பயந்த மாதிரி ஒதுங்கிப் போனார். வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் ஜன்னலை இறக்கி அந்த ஆளிடம் ஏதாவது சொல்லியிருப்பார்.

"இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. படிச்சது எதுவும் ஞாபகம் வரல. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

அவர் வெகுநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

"ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேட்டா உன் வேலையை அவமானப்படுத்தற மாதிரி ஆயிடுமோன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

"கேளுங்க."

"என்னை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போ. என் மூஞ்சியை யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்கே. நீயே ஓட்டு." அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "அங்க போனதும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். சிரிக்க வைப்பேன். என்னை நம்பாத. நான் எவ்வளவு சொன்னாலும் என்னைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வராத."